டிராக்டர், ஆயில் இன்ஜின், ஜெனரேட்டர் கவர்னர்: சேலம் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆத்தூர், தலைவாசல் பக்கம் மக்காச்சோளம் அடிக்கும் டிராக்டர், கிணறு ஆழப்படுத்தும் கம்ப்ரசர் வண்டி, சேகோ (ஜவ்வரிசி) ஆலையின் ஜெனரேட்டர், ஏற்காட்டுத் தோட்டத்தில் காப்பிப் பழம் உரிக்கும் பல்ப்பரை ஓட்டும் இன்ஜின் என எல்லாவற்றிலும் கவர்னர் இருக்கிறது. இன்ஜின் ஏறி ஏறி இறங்கினாலும், புகை தள்ளினாலும், இழுவை குறைந்தாலும் முதல் பழி அதன் மேல்தான் விழும். பெரும்பாலும் கோளாறு அதற்கு வெளியே இருக்கும். எங்கே தேட வேண்டும், எதில் கை வைக்கக் கூடாது என்பதுதான் இந்தப் பக்கம்.

கவர்னர் என்னதான் செய்கிறது?

இன்ஜின் வேகத்தை நீங்கள் வைத்த இடத்தில் நிறுத்திப் பிடிக்கிறது. இன்ஜினுக்கு டீசலை அளந்து அடிக்கும் பம்பின் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வெயிட்டுகள் உண்டு. வேகம் கூடினால் அவை வெளிப்பக்கம் விரியும். விரியும்போது ஒரு ஸ்லீவைத் தள்ளும். ஸ்லீவ் ஒரு லிவரைத் தள்ளும், லிவர் பம்பின் ரேக்கை (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கம்பி) டீசல் குறையும் பக்கம் இழுக்கும். வெயிட்டை எதிர்த்து நிற்பது ஒரு ஸ்பிரிங். லோடு ஏறி வேகம் இறங்கினால் வெயிட் சுருங்கும், ஸ்பிரிங் ஜெயிக்கும், ரேக் டீசல் கூடும் பக்கம் போகும். வெயிட்டின் விசையும் ஸ்பிரிங்கின் விசையும் சரிக்குச் சரியாக நிற்கும் இடத்தில் இன்ஜின் நிலைகொள்ளும்.

ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி இன்ஜினில் வைத்ததும் இதே தத்துவம்தான். அதற்கு முன்பே காற்றாலை மாவு மில்களில் சுற்றும் குண்டுகள் வேலை செய்துகொண்டிருந்தன.

ஆக்சிலேட்டரைக் கூட்டினால் டீசல்தானே கூடுகிறது?

நேராகக் கூடுவதில்லை. பெட்ரோல் காரில் மிதியை அழுத்தினால் காற்று வழி திறக்கும். டிராக்டரில் கை ஆக்சிலேட்டரோ கால் ஆக்சிலேட்டரோ, இரண்டும் கவர்னர் ஸ்பிரிங்கைத்தான் இறுக்குகின்றன. "நிமிடத்துக்கு 1800 சுற்றில் ஓடு" என்று நீங்கள் சொல்கிறீர்கள். அந்த வேகத்துக்கு எவ்வளவு டீசல் வேண்டும் என்பதைக் கவர்னர் முடிவு செய்கிறது.

இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். ரோட்டவேட்டர் இறுகிய மண்ணில் இறங்கும்போது ஆக்சிலேட்டரில் கை படாமலே இன்ஜின் சத்தம் கனத்துப்போவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த நொடியில் ரேக் நகர்ந்திருக்கிறது. அதேபோல, இன்ஜின் திணறும்போது லிவரை இன்னும் இழுத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், ரேக் ஏற்கெனவே முழு டீசல் ஸ்டாப்பில் (அதற்கு மேல் டீசல் கூடாமல் தடுக்கும் முட்டு) முட்டி நிற்கிறது என்று பொருள். அங்கே கியரைக் குறைப்பது அல்லது கலப்பையைச் சற்றுத் தூக்குவதுதான் வழி.

டீசல் இன்ஜின் கவர்னர் இல்லாமல் ஓடாதா?

பாதுகாப்பாக ஓடாது. டீசலில் பொதுவாகக் காற்றை அடைக்கும் த்ராட்டில் கிடையாது. எப்போதும் காற்று தாராளமாகப் போகும். ரேக்கை ஓரிடத்தில் பூட்டிவிட்டு லோடை எடுத்தால் வேகம் ஏறிக்கொண்டே போகும். தடுக்க ஆளில்லை. ஐட்லிங்கிலும் அதே சிக்கல்: ரேக் மயிரிழை கூடினால் சீறும், குறைந்தால் அணைந்துவிடும். மனிதக் கை அந்த அளவுக்கு ஈடு கொடுக்காது.

லோடு ஏறினால் ஆர்.பி.எம். கொஞ்சம் இறங்குகிறது. கவர்னர் தேய்ந்துவிட்டதா?

இல்லை, அது அமைப்பிலேயே உள்ளது. வெயிட் சுருங்கினால்தான் ரேக் நகரும். வேகம் குறைந்தால்தான் வெயிட் சுருங்கும். அதனால் லோடில்லாத வேகத்துக்கும் முழு லோடு வேகத்துக்கும் ஓர் இடைவெளி இருந்தே தீரும். இதை ட்ரூப் என்கிறார்கள். கணக்கு எளிது: இரண்டு வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை முழு லோடு வேகத்தால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள்.

முழு லோடில் 2000, லோடில்லாமல் 2160 என்றால் ட்ரூப் 8 சதவீதம். மெக்கானிக்கல் கவர்னர் உள்ள டிராக்டருக்கு இது இயல்பு. ஜெனரேட்டருக்கு 4 முதல் 5 சதவீதத்துக்குள் வேண்டும். டிராக்டரிலும் ட்ரூப்பை மிகக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். குறைக்கக் குறைக்கக் கவர்னர் சின்ன அசைவுக்கும் பெரிதாகத் துள்ளும், இன்ஜின் நிலை கொள்ளாது. இந்த இடைவெளிதான் அதை அமைதியாக வைத்திருக்கிறது.

அளக்க ஒரு போட்டோ டேக்கோமீட்டர் போதும். கிராங்க் புல்லியில் ஒளி பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் ஒட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு மூன்று வேகம் எடுங்கள்: ஐட்லிங், கை ஆக்சிலேட்டர் முழுக்க வைத்து லோடில்லாமல், அதே நிலையில் வேலை செய்யும்போது. டேஷ்போர்டு மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். கேபிளில் ஓடும் பழைய மீட்டர்கள் பல சமயம் 100, 150 பிசகிக் காட்டும்.

மக்காச்சோள மெஷினுக்கு இன்ஜினை எந்த வேகத்தில் வைப்பது?

பி.டி.ஓ. ஷாஃப்ட் (டிராக்டரின் பின்னால் மெஷினை ஓட்டும் ஷாஃப்ட்) 540 சுற்றும் வேகத்தில். அது முழு ஆக்சிலேட்டர் அல்ல. எந்த இன்ஜின் வேகத்தில் 540 வரும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். மீட்டரில் கோடு போட்டிருக்கும், கையேட்டிலும் இருக்கும். உங்கள் வண்டிக்கு 1800இல் 540 வருகிறது என்று வையுங்கள். முழுக்க இழுத்து 2200இல் ஓட்டினால் பி.டி.ஓ. 660 சுற்றும். மணி உடையும், பேரிங் சூடேறும், டீசல் வீணாகும். கதிர் போடுகிற ஆள் நிற்கும் இடத்தில் சுற்றுகிற உருளை அது என்பதையும் யோசியுங்கள்.

கதிரை ஒரேயடியாகத் திணிக்காமல் சீராக விட்டால், லோடில் 1800 பிடிக்கும்படி லோடில்லாமல் 1900 வாக்கில் வைக்கலாம். ட்ரூப் எவ்வளவு என்று அளந்து வைத்திருந்தால் இந்த இரண்டாவது எண் தானாகத் தெரியும்.

கம்ப்ரசர் வண்டியில் இது இன்னும் முக்கியம். ஜாக்ஹாமர் ஓடும்போது முழு லோடு, காற்று டேங்க் நிரம்பி, கம்ப்ரசரை வெறுமனே ஓடவிடும் அன்லோடர் வால்வு திறந்தால் லோடு சட்டென்று விழும். நாள் முழுக்க இப்படியே ஏறி இறங்கினால் கவர்னர் பின்களும் ஸ்லீவும் உழவு வண்டியைவிடச் சீக்கிரம் தேயும். அந்த வண்டிகளுக்குப் பம்ப் சர்வீஸ் இடைவெளியைக் குறைத்துக்கொள்வது நல்லது.

என் வண்டியில் எந்த வகைக் கவர்னர் இருக்கிறது?

பம்பைப் பார்த்தாலே தெரியும். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களுக்குப் போகும் பைப்புகள் ஒரே வரிசையில் மேலே கிளம்பினால் இன்லைன் பம்ப். அதன் ஒரு முனையில் வட்டமான கூடு தனியாக மாட்டியிருக்கும், அதுதான் கவர்னர். டிராக்டர்களில் பரவலாக உள்ளது ஆர்.எஸ்.வி. வகை. இதன் வெயிட்டும் ஸ்லீவும் எண்ணெயில் ஓடுபவை. சில பம்புகளுக்கு இன்ஜின் ஆயில் தானாக வரும். சிலவற்றில் நீங்கள்தான் லெவல் பிளக்கைத் திறந்து பார்த்து ஊற்ற வேண்டும்.

நாசில் பைப்புகள் ஒரு வட்டமான தலையிலிருந்து சுற்றிலும் கிளம்பினால் ரோட்டரி பம்ப். டி.பி.ஏ., வி.இ. இரண்டும் இந்த வகை. கவர்னர் பம்புக்குள்ளேயே இருக்கும், டீசலே அதற்கு எண்ணெய். டீசலில் தண்ணீர் கலந்தால் முதல் அடி இங்கே விழும்.

மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் காற்றுக் குழாயிலிருந்து பம்புக்கு ஒரு மெல்லிய ரப்பர் குழாய் போகும். அது வேக்குவம் கவர்னர். அந்தக் குழாய் வெடித்தாலோ உள்ளே டயாஃப்ரம் கிழிந்தாலோ வேகம் குறையாது, கூடும். ரேக்கை டீசல் குறையும் பக்கம் இழுத்துப் பிடிப்பதே அந்த வேக்குவம்தான்.

ஒற்றை சிலிண்டர் ஆயில் இன்ஜினிலும் பவர் டில்லரிலும் வெயிட்டுகள் இன்ஜினுக்குள் கியரோடு இருக்கும், லிவரும் ஸ்பிரிங்கும் வெளியே தெரியும்.

ஐட்லிங்கில் இன்ஜின் ஏறி ஏறி இறங்குகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பம்பைக் கழற்றுவதில் தொடங்காதீர்கள். வெளியிலிருந்து உள்ளே வாருங்கள்.

முதலில் டீசல். ஃபில்டர் மாற்றி எவ்வளவு நாளாயிற்று என்று பாருங்கள். பிறகு காற்று: ஃபில்டர் தலையில் உள்ள, காற்றை வெளியேற்றும் ப்ளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் கை லிவரை அடித்துக்கொண்டே இருங்கள். நுரை நின்று சுத்த டீசல் வந்ததும் அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை இறுக்க வேண்டும்; நிறுத்திவிட்டு இறுக்கினால் காற்று திரும்ப உறிஞ்சப்படும். அதன் பிறகு பம்பின் ப்ளீட் ஸ்க்ரூவில் அதே வேலை. காற்று திரும்பத் திரும்ப வந்தால், டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் ஒரு முழம் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் போட்டுப் பாருங்கள். குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். அங்கே டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் ஈரம் தேடிக் கண்டுபிடிக்க முடிவதில்லை.

அடுத்து நாசில். ஒரு சிலிண்டர் சரியாக அடிக்காவிட்டால் வேகம் விழும், கவர்னர் டீசலைக் கூட்டும், மீண்டும் ஏறும். வெளியே பார்ப்பவருக்குக் கவர்னர் கோளாறு போலவே தெரியும். ஐட்லிங்கில் ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகச் சற்றுத் தளர்த்தினால், எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ அதுதான் கெட்ட சிலிண்டர். நட்டைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள், கண்ணாடி போடுங்கள், டீசல் பீய்ச்சும் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசிமுனை அளவுதான் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது.

மூன்றாவது லிங்கேஜ், அதாவது ஆக்சிலேட்டரைப் பம்போடு இணைக்கும் கம்பிகளும் லிவர்களும். இன்ஜினை நிறுத்திவிட்டு, ஆக்சிலேட்டர் கம்பியைப் பம்பு லிவரிலிருந்து கழற்றி, லிவரைக் கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். பட்டுப்போல நகர வேண்டும். ஓரிடத்தில் மாட்டி விடுபட்டால் அங்கேதான் சிக்கல். இன்ஜினை அணைக்கும் ஸ்டாப் கேபிள் முழுக்கத் திரும்பாமல் ரேக்கைப் பாதியில் பிடித்திருப்பதும் உண்டு. இழுவை குறைகிறது என்று வரும் வண்டிகளில் இதை முதலில் பார்க்கலாம்.

நான்காவது ரேக். இன்லைன் பம்பின் பக்கத்து மூடியைத் திறந்தால் ரேக் தெரியும். ஸ்டாப் லிவரை அசைத்தால் ரேக் எந்த இடத்திலும் ஒட்டாமல் போய்வர வேண்டும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பழைய டீசல் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் கலந்திருந்தால் துரு பிடிக்கும். உராய்வு ஏன் ஏற்ற இறக்கத்தை உண்டாக்குகிறது? ரேக் ஒட்டிக்கொண்டிருக்கும்போது வேகம் கொஞ்சம் கூடினாலும் அது நகராது. வேகம் இன்னும் ஏறி, வெயிட்டின் விசை போதுமான அளவு சேர்ந்ததும் ரேக் திடீரென விடுபட்டு, தேவைக்கு மேல் ஓடிவிடும். டீசல் அளவுக்கு மீறிக் குறையும், வேகம் விழும், எதிர்ப்பக்கமும் அதே கதை.

இதற்கெல்லாம் பிறகுதான் கவர்னர் உள்பாகம்: வெயிட் பின், ஸ்லீவ் பேரிங், ஸ்பிரிங். ஆர்.எஸ்.வி.யில் கூட்டின் பின்புறம் ஐட்லிங் துணை ஸ்பிரிங்கின் ஸ்க்ரூ ஒன்று உண்டு. அதை உள்ளே திருகினால் ஐட்லிங் அடங்கும் என்று பலர் திருகிவிடுகிறார்கள். ஐட்லிங் அடங்கும்தான், ஆனால் அளவு மீறினால் மேல்வேகத்தில் ரேக்கை முழுக்கப் பின்வாங்க விடாது. லோடு விழும்போது இன்ஜின் சீறும்.

பெட்ரோல் இன்ஜினும் (பவர் வீடர், ஸ்பிரேயர், சின்ன ஜெனரேட்டர்) இப்படித்தானா?

தத்துவம் ஒன்று, கோளாறு வேறு. இதில் கவர்னர் கார்புரேட்டரின் த்ராட்டில் தகட்டை ஆட்டும். ஸ்பிரிங் திறக்கப் பார்க்கும், வெயிட் மூடப் பார்க்கும். சிலவற்றில் வெயிட்டுக்குப் பதிலாகக் கூலிங் காற்று தள்ளும் ஒரு தகடு இருக்கும். விசிறி மூடிக்குள் புல்லும் தூசியும் அடைத்தால் காற்று குறைந்து வேகம் கூடும். அதனால் மூடியைச் சுத்தம் செய்வதும் கவர்னர் பராமரிப்பில் சேரும்.

ஏறி இறங்கினால் ஒரு சோதனை செய்யுங்கள். த்ராட்டில் லிவரை விரலால் ஓரிடத்தில் அசையாமல் பிடியுங்கள். துள்ளல் நின்றால் கவர்னர் பக்கம் பாருங்கள். நிற்காவிட்டால் கார்புரேட்டரில் பைலட் ஜெட் (பெட்ரோல் வரும் மெல்லிய துளை) அடைத்துப் பெட்ரோல் குறைவாக வருகிறது. இரண்டாவதுதான் அதிகம். சோக்கைப் பாதி மூடியதும் துள்ளல் அடங்கினால் சந்தேகமே வேண்டாம்.

கார்புரேட்டர் கழற்றி மாட்டும்போது கவர்னர் கை நகர்ந்துவிட்டால் சரிசெய்யும் முறை இது: இன்ஜின் நிற்கும்போது, கவர்னர் ஷாஃப்டில் உள்ள கையின் கிளாம்ப் நட்டைத் தளர்த்துங்கள். கையை நகர்த்தி த்ராட்டிலை முழுக்கத் திறந்து பிடியுங்கள். கை எந்தப் பக்கம் நகர்ந்ததோ அதே பக்கம் ஷாஃப்டைத் திருகி, அது முட்டி நின்றதும் நட்டை இறுக்குங்கள். எதிர்ப்பக்கம் திருகி இறுக்கினால் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஏறும். ஸ்பிரிங் தொலைந்தால் ஹார்டுவேர் கடையில் அதே நீளத்தில் ஒன்று வாங்கி மாட்டாதீர்கள். நீளம் ஒன்றாக இருந்தாலும் கம்பித் தடிமன் வேறு, இழுவை வேறு.

மேல்வேக ஸ்க்ரூவின் சீலை உடைத்துத் திருப்பினால் இழுவை கூடுமா?

கூடாது. அந்த ஸ்க்ரூ வேகத்தைத்தான் கூட்டும். இழுவையைத் தீர்மானிப்பது முழு டீசல் ஸ்டாப். அது வேறு ஸ்க்ரூ, அதையும் தொட வேண்டாம். அதைக் கூட்டினால் கரும்புகை, பிஸ்டன் சூடு, ஹெட் விரிசல்.

வேகம் கூடினால் உள்ளே என்ன நடக்கும்? பிஸ்டனும் கனெக்டிங் ராடும் தாங்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 2200இல் ஓட வேண்டியதை 2600இல் ஓட்டினால் வேகம் 18 சதவீதம்தான் கூடியது, விசை ஏறத்தாழ 40 சதவீதம் கூடிவிட்டது. ராடு போல்ட் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. டிரெய்லரோடு ரோட்டில் நாலு கிலோமீட்டர் வேகம் கூடக் கிடைக்கிறது என்பதற்காக இதைச் செய்கிறார்கள். எங்கள் கணக்கில் இது எந்த வகையிலும் கட்டுப்படியாகாது.

பம்புசெட் இன்ஜினில் வேகம் கூட்டினால் தண்ணீர் அதிகம் வருமே?

வரும். ஆனால் சென்ட்ரிஃபியூகல் பம்பில் தண்ணீர் வேகத்துக்கு நேராகக் கூடும், அது கேட்கும் சக்தியோ வேகத்தின் மூன்றாம் அடுக்கில் கூடும். 1500இலிருந்து 1650க்கு ஏற்றினால் தண்ணீர் சுமார் 10 சதவீதம் கூடும், இன்ஜினிடம் கேட்கும் சக்தி 33 சதவீதம் கூடும். 5 எச்.பி. இன்ஜின் அங்கே மூச்சு வாங்கும். பொருந்தாத பம்பை மாற்றுவதோ புட்வால்வைச் சுத்தம் செய்வதோ மலிவு.

650 சுற்றில் ஓடும் பழைய லிஸ்டர் மாதிரி இன்ஜின்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அந்தப் பெரிய வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் அந்த வேகத்துக்கானது. கூட்டி ஓட்டி அது வெடித்தால் பக்கத்தில் நிற்பவருக்கு உயிராபத்து.

இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஏறிக்கொண்டே போனால் என்ன செய்வது?

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். ரேக் முழு டீசலில் இறுகிவிட்டது. கவர்னருக்கும் ரேக்குக்கும் தொடர்பு அறுந்துவிட்டது. அல்லது இன்ஜின் டீசலை விட்டு வேறெதையோ குடிக்கிறது: ஆயில் பாத் ஏர் கிளீனரில் கோட்டுக்கு மேல் ஊற்றிய ஆயில், டர்போ சீல் போய் வரும் ஆயில், தேய்ந்த ரிங்குகளின் வழியே ப்ரீதரில் (இன்ஜின் உள்காற்றை வெளிவிடும் குழாய்) வரும் ஆயில். மூன்றாவது காரணம் என்றால் டீசலை நிறுத்தியும் பயனில்லை.

லோடை எடுக்காதீர்கள். பதற்றத்தில் கிளட்சை மிதித்தால், பி.டி.ஓ.வை விடுவித்தால், வேகம் இன்னும் பாயும். ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடியுங்கள். கேட்காவிட்டால் காற்று வழியை அடையுங்கள்: ஏர் கிளீனர் வாயிலோ குழாயைக் கழற்றி, இன்ஜினுக்குள் காற்று நுழையும் மேனிஃபோல்டு வாயிலோ தட்டையான இரும்புத் தகடு அல்லது தடிமனான பலகையை வைத்து அழுத்துங்கள். கையை வைக்கக் கூடாது. துண்டு, சாக்கு வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஃப்ளைவீல், பெல்ட் இவற்றின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. டிராக்டரில் நீங்கள் சீட்டில் இருந்து, முன்னே இடமும் காலியாக இருந்தால், பெரிய கியர் போட்டு இரண்டு பிரேக்கையும் மிதித்துக் கிளட்சை விட்டு அணைக்கலாம். ஆயில் இன்ஜினில் வால்வைத் திறந்து பிடிக்கும் டிகம்ப்ரஷன் லிவர் கடைசி வழி. புஷ் ராடு வளையலாம், ஆனால் ஃப்ளைவீல் வெடிப்பதைவிட அது மேல்.

பவர் டில்லர், ஒற்றை சிலிண்டர் இன்ஜின்களில் இது பம்பைக் கழற்றி மாட்டிய அடுத்த நிமிடத்தில் நடக்கும். பம்பு ரேக்கின் முனையில் ஒரு சின்ன பின் இருக்கும். அது இன்ஜினுக்குள் இருக்கும் கவர்னர் கவட்டைக்குள் உட்கார வேண்டும். வெளியே தள்ளி உட்கார்ந்துவிட்டால் பம்பு போல்ட் நன்றாகவே இறுகும், பார்வைக்கு எந்தக் குறையும் இருக்காது, ரேக் மட்டும் அநாதையாக நிற்கும். மாட்டிய பிறகு, ஸ்டார்ட் செய்யும் முன், ஆக்சிலேட்டர் லிவரை அசைத்து ரேக்கும் கூடவே நகர்கிறதா என்று பக்கத்து மூடியைத் திறந்து பார்ப்பது அரை நிமிட வேலை.

ஏற்காடு ஏறியதும் இன்ஜின் கரும்புகை தள்ளுகிறது. கவர்னரா?

காற்று. ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1500 மீட்டர், சேலம் சுமார் 280 மீட்டர். மேலே காற்றின் அடர்த்தி சேலத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் குறைவு. கவர்னருக்குக் காற்று தெரியாது, வேகம் மட்டும்தான் தெரியும். வேகம் இறங்கியதும் கீழே கொடுத்த அதே அளவு டீசலைக் கொடுக்கும். எரிக்கக் காற்று போதாததால் புகையாகிறது.

எப்போதாவது மேலே போகும் வண்டி என்றால் லோடைக் குறைத்து, ஒரு கியர் கீழே ஓட்டுங்கள், போதும். தோட்டத்திலேயே நிரந்தரமாக நிற்கும் பல்ப்பர் இன்ஜின், ஜெனரேட்டர் என்றால் பம்ப் கடையில் சொல்லி முழு லோடு டீசல் அளவைக் குறைத்து வாங்குவது சரி. வேக ஸ்க்ரூவில் மாற்றம் தேவையில்லை. டர்போ இன்ஜினுக்கு இந்தத் தொல்லை குறைவு.

மலை இறங்கும்போது கவர்னர் வண்டியைப் பிடிக்குமா?

பிடிக்காது. சக்கரம் இன்ஜினைத் தள்ளத் தொடங்கியதும் கவர்னர் டீசலை முழுக்க மூடிவிடும். அதற்கு மேல் அதன் கையில் ஒன்றுமில்லை. பிடித்து நிறுத்துவது கம்ப்ரஷன்தான், அதுவும் சின்ன கியரில் இருந்தால்தான். ஏற்காடு மெயின் ரோட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். கிளட்சை மிதித்துக்கொண்டே இறங்குவதும், டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும் டிரெய்லரோடு உயிர் விளையாட்டு. பெரிய கியரில் இறங்கினால் மீட்டர் சிவப்புக்குப் போகும். டீசலே போகாவிட்டாலும் இன்ஜினுக்கு அது மிகைவேகம்தான். கை ஆக்சிலேட்டர் முழுக்க ஐட்லிங்கில் இருக்கட்டும். வயலில் வைத்த நிலையிலேயே மறந்து ரோட்டுக்கு வந்தால், காலை எடுத்த பிறகும் இன்ஜின் தள்ளிக்கொண்டே இருக்கும்.

ஜெனரேட்டரில் ஹெர்ட்ஸ் எவ்வளவு இருக்க வேண்டும்?

நாலு போல் (காந்த முனை) உள்ள ஆல்டர்னேட்டருக்கு 1500 சுற்றில் 50 ஹெர்ட்ஸ். ட்ரூப் இருப்பதால் லோடில்லாமல் 52 முதல் 52.5 வரை வைத்தால் முழு லோடில் 50 வாக்கில் நிற்கும். லோடில்லாமலேயே சரியாக 50 வைத்துவிட்டு, லோடு போட்டதும் 47.5க்கு விழுகிறது, கவர்னர் சரியில்லை என்பது தவறு. சேகோ ஆலையில் பெரிய மோட்டாரைப் போடும் நொடியில் ஹெர்ட்ஸ் சற்று விழுந்து சில நொடியில் எழும். எழவே இல்லை என்றால் ஃபில்டரையும் முழு லோடையும் பாருங்கள். எழுந்து, தாண்டி, மீண்டும் விழுந்து ஆடிக்கொண்டே இருந்தால் லிங்கேஜைப் பாருங்கள். 3000 சுற்றில் ஓடும் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டருக்கும் இதே கணக்கு. லோடில்லாமல் சுமார் 3150.

புதிய டிராக்டர்களில் கவர்னரே காணோமே?

கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு ட்ரெம் 4 என்ற புகை மாசு விதி 2023 ஜனவரி முதல் வந்ததும் அவை காமன் ரெயில் என்ற, கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் டீசல் அமைப்புக்கு மாறின. ஃப்ளைவீல் அருகே உள்ள சென்சார் வேகத்தைச் சொல்லும், ஆக்சிலேட்டர் சென்சார் உங்கள் விருப்பத்தைச் சொல்லும், இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறப்பது என்பதை ஈ.சி.யூ. என்ற இன்ஜின் கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். ட்ரூப்பே இல்லாமல்கூட ஓட்ட முடியும். திருக ஸ்க்ரூ கிடையாது. வேகம் ஏறவில்லை என்றால் பேட்டரி டெர்மினல், கனெக்டரில் பச்சைப் பூச்சு, எலி கடித்த வயர் இவற்றைப் பார்த்துவிட்டு ஸ்கேனர் உள்ளவரிடம் போங்கள்.

பள்ளிப் பேருந்தில் வைக்கும் ஸ்பீடு கவர்னரும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது சாலை வேகத்துக்கு உச்சவரம்பு போடும் கருவி. லோடுக்கு ஏற்ப டீசலைக் கூட்டிக் குறைக்கும் வேலை அதற்கில்லை.

பம்ப் கடைக்குக் கொண்டுபோகும்போது என்ன சொல்ல வேண்டும்?

"கவர்னர் சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். முன்பே அளந்த மூன்று வேகங்களையும் எழுதிக் கொடுங்கள். கோளாறு குளிரிலா, சூட்டிலா, ஐட்லிங்கிலா, லோடிலா என்று சொல்லுங்கள். பம்பின் மேல் உள்ள நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். ஒரே மாதிரி தெரியும் இரண்டு பம்புகளின் டீசல் அளவும் ஸ்பிரிங்கும் வேறாக இருக்கும், டெஸ்ட் பெஞ்சில் வைக்கும் கணக்கு அந்த நம்பரை வைத்துத்தான். நாசில்களையும் கூடவே கொடுங்கள். கெட்ட நாசிலோடு கேலிபரேஷன் (டீசல் அளவைச் சரிசெய்தல்) செய்த பம்பைக் குறை சொல்லிப் பயனில்லை. வாங்கும்போது எந்த வேகத்தில் எவ்வளவு டீசல், எந்த வேகத்தில் டீசல் முழுக்க வெட்டுகிறது என்ற சீட்டைக் கேளுங்கள். ஸ்க்ரூக்களில் புதிய சீல் கம்பி இருக்க வேண்டும்.

கழற்றும் முன் பம்பு ஃப்ளாஞ்சிலும் இன்ஜின் பாடியிலும் உள்ள டைமிங் கோடுகளைப் பெயிண்டால் குறித்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது இன்லைன் பம்பில் எண்ணெய் தனியாக ஊற்றும் வகை என்றால் லெவல் பிளக் வரை ஊற்றாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது; பெஞ்சிலிருந்து வரும் பம்பில் பெரும்பாலும் எண்ணெய் இருக்காது. காற்று எடுத்து, ஸ்டாப் கேபிள் முழுத் தூரமும் போய்வருகிறதா என்று பார்த்து, ஏர் கிளீனர் குழாயைக் கழற்றிவிட்டு, தகடோடு ஒருவரை மேனிஃபோல்டு அருகே நிறுத்திக்கொண்டு ஐட்லிங்கில் ஸ்டார்ட் செய்யுங்கள். ஐட்லிங் பிடித்த பிறகு குழாயை மாட்டி, ஆக்சிலேட்டரை மெதுவாக ஏற்றி மேல்வேகத்தை டேக்கோமீட்டரில் பாருங்கள். கடைச் சீட்டில் உள்ள வேகத்தை 50 சுற்றுக்கு மேல் தாண்டினால் அன்றே திருப்பிக் கொண்டுபோங்கள்.